பெஞ்சின் நடுப்பலகை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இருபத்தெட்டு வருஷம் பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேனாக இருந்தவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். எங்கள் பக்கத்தில் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். வேலைக்கு வந்தவர் சட்டைப் பையில் ஒரு தீக்குச்சி இருந்தாலும், இடுப்பில் ஒரு இரும்புச் சாவி தொங்கினாலும் கேட்டிலேயே நிறுத்தி ஏசி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஏசுவதற்கு ஆள் கிடைக்காமல் மின்விசிறியை ஏசிக்கொண்டிருக்கிறேன் என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். அவள் சொல்வதில் பாதி உண்மை.

எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதைச் செய்தவன் நான். ஆசாரி வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வாரம் இழுத்தடித்ததில் வந்த கோபத்தில், நானே ரம்பமும் உளியும் வாங்கிவந்து செய்தேன். கால்கள் வேப்பமரம். உட்காருகிற இடத்தில் மூன்று நீளப் பலகைகள். இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே மரமுளைதான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று பயராபீஸில் அதைக் கண்டாலே பதறிப் பழகியவனுக்கு வீட்டில்கூட ஆணியை வைத்துச் சுத்தியலால் அடிக்கக் கை வராது. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு கால் லேசாக ஆடும். மற்றபடி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டவெளியில் கிடக்கிற சாமான். எங்கள் ஊர் வெயில் எப்படி என்று விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் பலகை காய்ந்து வெடிக்கும். ஐப்பசி மழையில் அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கும். பக்கத்திலேயே வெந்நீர் அடுப்பும் குளிக்கிற இடமும் இருப்பதால் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் தெறிக்கும். ஓரத்துப் பலகைகள் இரண்டும் தாக்குப்பிடித்தன. நடுப்பலகை மட்டும் உளுத்துப்போயிற்று. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று மூன்று வருஷம் சொல்லிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்வந்தேன். ஆசாரியை ஏசியவன்தான் நான்.

போன வருஷம் என் மகளுக்கு விருதுநகர் ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. எட்டு நாள் அங்கேயே இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள் மதியம், சம்பந்தியம்மாவை மகளுக்குத் துணையாக விட்டுவிட்டு, வீட்டை ஒழுங்குபடுத்த என் மனைவி ஊருக்கு வந்தாள். வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் பின்வாசலுக்குப் போய் பெஞ்சின் முன்னால் நின்றாள்.

அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சம்பந்தி வீட்டில் ஜாடைமாடையாகச் சொல்லியிருக்கிறார்கள். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

“சுவத்துல சாஞ்சு இந்தப் பெஞ்சுல காலை நீட்டி உக்காந்துட்டேன்னா, பிள்ளையைக் கால்மேல போட்டு நானே ஊத்திருவேங்க. என் பேத்திக்கு நான் ஊத்தாம யாரு ஊத்துவாக?” என்றாள். பிறகு நடுப்பலகையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று. “இதை மட்டும் மாத்திக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

உண்மையிலேயே அவள் வேறொன்றும் கேட்டதில்லை. அன்று இரவே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் சாயங்காலம் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனாள்.

காலையில் சாத்தூர் மரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் அன்றைக்கு அறுத்த ஈரப்பலகையைக் காட்டினார். இது ஒரு மாதத்தில் முறுக்கிக்கொள்ளுமே என்றேன். அப்படியானால் பிளைவுட் போடுங்கள், இப்போது எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள் என்றார். மழையில் கிடக்கப்போகிற பெஞ்சுக்குப் பிளைவுட்டா என்று ஆரம்பித்தவன், மரம் விற்பதற்கு அவருக்கு என்ன தகுதி இருக்கிறது என்பது வரைக்கும் போய்விட்டேன். பஸ் ஏறிய பிறகுதான், அதே கடைக்குள் உலர்ந்த மரம் ஒரு மூலையில் அடுக்கியிருந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக மானம் இடம் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவியின் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் கட்டடம் இடிக்கிற வேலை பார்ப்பவன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பயராபீஸில் பழைய ஷெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், நல்ல நேரத்துல கேட்டீக. இங்கன ஒரு தேக்குப் பலகை கெடக்கு. இளைச்சு விட்டா கண்ணாடி மாதிரி வரும். எடுத்தாரவா?”

“எங்கன கெடந்துச்சு மாப்ள?”

“பளைய ஷெட்டுலதான். கம்பி மத்தாப்பு முக்கிக் காயப்போடுவாகள்ல, அதுக்கு அடியில தட்டாப் போட்டிருந்தது. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். கம்பிகளைச் சட்டத்தில் வரிசையாகக் கோத்து, கூழ் மாதிரி இருக்கிற மருந்தில் முக்கி எடுத்துத் தொங்கவிடுவோம். அதிலிருந்து சொட்டுவது அடியில் இருக்கிற பலகையில் விழும். வருஷக்கணக்கில் விழும். அதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த இடத்திலேயே வேண்டாம் என்று போனை வைத்திருக்க வேண்டியவன் நான். “சரி, கொண்டா” என்றேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு, போட்டவள் என் மனைவி. பயராபீஸிலிருந்து ஒரு துரும்புகூட வீட்டுக்குள் வரக்கூடாது. நான் வேலைக்குப் போன காலம் முழுக்கப் பின்வாசல் வழியாக வந்து, உடுப்பைத் தொட்டியில் முக்கிவிட்டு, தலைக்குக் குளித்த பிறகுதான் மகளைத் தூக்கமுடியும். ஒரு நாளும் அதில் தள்ளுபடி கிடைத்ததில்லை. அவளும் கல்யாணமான புதிதில் மருந்து அடைக்கப் போனவள்தான். ஒரு நாள் பக்கத்து அறை வெடித்துப் போனது. அவளோடு ஒரே வேனில் வந்த இரண்டு பெண்கள் அதில் போனார்கள். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. நான் போனேன். அவள் என்னைத் தடுக்கவில்லை, இந்தச் சட்டத்தை மட்டும் போட்டாள்.

பலகை வந்தது. பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. ஒன்றரை அங்குலக் கனம், ஒரு முடிச்சு கிடையாது. மேலே மட்டும் சாம்பல் நிறத்தில் ஏடு படிந்திருந்தது. கழுவினால் போய்விடும் என்று தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். மருந்தில் இருக்கிற உப்பு தண்ணீரில் கரையும், கரைந்தால் மரத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கும் என்று யாராவது நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. வெயிலில் காய்ந்ததும் அறுத்த முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுவரில் சாய்த்து வைத்ததால் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும் என்று துடைத்துவிட்டேன். ஒருவனுக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் கண் அவிந்துபோகும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இழைத்தேன். சுருள் சுருளாக வந்தது. பழைய பலகையைப் பெயர்த்துவிட்டு இதை வைத்துத் துளை போட்டு மரமுளை அடித்து முடிக்கும்போது என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். பெஞ்சைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை எப்படிச் சொல்வது! கையால் பலகையைத் தடவிக் கொடுத்தாள்.

“எங்கன வாங்கினீக?”

“சாத்தூர்லதான்” என்றேன். பொய் தடங்கலில்லாமல் வந்தது.

“நல்ல மரமா இருக்குங்க. இம்புட்டு நாள் கழிச்சுச் செஞ்சாலும் நல்லாத்தான் செஞ்சிருக்கீக” என்றாள். என்னை அவள் பாராட்டுவது எப்போதாவது நடக்கிற விஷயம். நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள் குளிக்காமல் அடுப்படிக்குள் போகமாட்டாள். வெந்நீர் அடுப்பில் விறகை வைத்தாள். பற்றவைக்கச் சருகு தேடியவள் கண்ணில் நான் இழைத்த சுருள் பட்டது. இழைத்த சுருள் அடுப்பு மூட்ட நல்லது என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இரண்டு கை அள்ளி விறகுக்கு அடியில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள்.

புஸ்ஸென்று சீறி எழுந்தது. மரம் எரிகிற நெருப்பு அல்ல. வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் பச்சையாக, பொறி பொறியாக அடுப்பு வாயை விட்டு வெளியே வந்தது. அவள் பின்னால் சரிந்து விழுந்தாள். நான் தண்ணீர் வாளியோடு ஓடி அடுப்பில் கொட்டினேன். இரண்டு புருவமும் கருகி, முன்நெற்றி முடி சுருண்டு போயிருந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. தோலில் கொப்புளம் இல்லை. அன்றைக்கு மட்டும் எத்தனை தெய்வத்தைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

அவள் உட்கார்ந்தபடியே அடுப்பைப் பார்த்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சாத்தூர்ல எந்தக் கடைங்க?” என்று கேட்டாள்.

நான் காலி வாளியைக் கீழே வைத்தேன்.

அடுப்புக்கும் பெஞ்சுக்கும் இரண்டு கை தூரம். குளிப்பாட்டி முடித்ததும் பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள். சட்டியில் நெருப்புக் கங்குகளை அள்ளிக் கால்மாட்டிலேயேதான் வைப்பார்கள். ஒரு கங்கு தவறி அந்தப் பலகையில் விழுந்திருந்தால், முழங்கால் மடங்காத ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், கால்மேல் பிள்ளை கிடக்கிறது. நான் இதையெல்லாம் நினைத்து முடிப்பதற்கு முன்பே அவள் நினைத்து முடித்துவிட்டாள் என்பது அவள் உட்கார்ந்தபடியே பெஞ்சை விட்டுத் தள்ளி நகர்ந்ததில் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். போனை எடுத்து அவள் தம்பியை ஏச ஆரம்பித்தேன். அவள் எட்டிப் போனை வாங்கி அணைத்தாள். “அவனை ஏன் ஏசுறீக? எங்கன இருந்து எடுத்தேன்னு சொல்லித்தான குடுத்திருப்பான்? பொய் சொல்லத் தெரியாதவனாச்சே அவன்” என்றாள். எழுந்திருக்கக் கையை நீட்டினாள். தூக்கிவிட்டேன். பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பெஞ்சு முழுக்கத் தண்ணீரை ஊற்றி நனைத்து, முளைகளை மெதுவாகத் தட்டி எடுத்து, பலகையைத் தொட்டியில் முக்கிப் போட்டேன். தரையில் கிடந்த சுருள், தூள் எல்லாவற்றையும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். ஓரத்துப் பலகைகளையும் கால்களையும் ஒன்றுக்கு மூன்று தடவை கழுவினேன். மறுநாள் நானும் மச்சினனும் ஈரச் சாக்கில் சுற்றிப் பலகையை அந்தப் பயராபீஸுக்கே கொண்டுபோனோம். கழிவைப் பத்திரமாக அழிக்க அங்கே ஆளும் இடமும் உண்டு. இப்போது அங்கே போர்மேனாக இருப்பவர் முன்னொரு காலத்தில் என்னிடம் ஏச்சு வாங்கியவர்தான். விஷயத்தைச் சொன்னேன். “நீங்களா சார்?” என்றார். பலகையை வாங்கிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

திரும்பி வந்தால், என் மனைவி அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலிசெய்து வைத்திருந்தாள். பருப்பு டப்பா, மிளகாய் டப்பா எல்லாம் தரையில் வரிசையாக இருந்தன. வீடு கட்டின நாளிலிருந்து அங்கே இருக்கிற வேப்பம்பலகை. “இதைக் களட்டுங்க” என்றாள். கழற்றினேன். கொஞ்சம் நீளம் கூடுதல், அறுத்துச் சேர்த்தேன். பழைய முளைகளை எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி அடித்தேன். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். நான் முடித்ததும், நடுப்பலகையில் ஒரு சில்லு, ஓரத்துப் பலகைகளில் ஒவ்வொரு சில்லு, நாலு காலிலும் நாலு சில்லு சீவித் தரச்சொல்லி, ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினாள். எல்லாம் ஒழுங்கான மரம் மாதிரி புகைந்து, கறுத்து, மெதுவாக எரிந்தன. ஏழாவது சில்லும் எரிந்து முடியும்வரை நான் பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி நின்றேன்.

எட்டாம் நாள் காலையில் கார் பிடித்து விருதுநகர் போய் மகளையும் பிள்ளையையும் கூட்டிவந்தேன். வாசலில் ஆரத்தி எடுத்த அம்மாவைப் பார்த்ததும் மகள் கேட்டாள், “என்னம்மா புருவத்தைக் காணோம்?”

“தாளிக்கையில எண்ணெய் பத்திக்கிருச்சு. வயசாகுதுல்ல, கவனம் இல்ல” என்று என் மனைவி சொன்னாள்.

கூனிக் குறுகிப்போனேன். தம்பியைப் பொய் சொல்லத் தெரியாதவன் என்றாளே, அவளும் அந்த வயிற்றில் பிறந்தவள்தான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. அதை எனக்காக, அதுவும் தன் கவனத்தின்மேல் பழியைப் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டாள். அடுத்த நாலு நாளும் மகள் வாய் ஓயாமல், “அடுப்புகிட்ட பாத்து நில்லும்மா” என்று அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளும் சரிம்மா சரிம்மா என்றாள். ஒவ்வொரு சரிம்மாவுக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்தது. மறுநாள் காலையில் முதல் குளியல். வெந்நீர் ஆவி பறந்தது. சாம்பிராணிச் சட்டியில் கங்கு தயாராக இருந்தது. என் மனைவி சுவரில் சாய்ந்து, பெஞ்சில் காலை நீட்டி, சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு கையை நீட்டினாள். மகள் பிள்ளையைக் கொண்டுவந்தாள்.

“ஒரு நிமிஷம்மா” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மரக்கடையில் சண்டை போட்டது, மத்தாப்பு ஷெட்டுப் பலகை, சாத்தூர் என்று சொன்ன பொய், பச்சை நெருப்பு, அவள் அம்மாவின் புருவம். ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லச் சொல்ல என் மகள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போனாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் அம்மாவிடம்தான் கேட்டாள்.

“இது வேற பலகைதான? நெசமாத்தானம்மா? அப்பா சொல்றாகன்னு சொல்லாத.”

எனக்கு அது வேண்டியதுதான். இருபத்தெட்டு வருஷம் ஊரையே பத்திரம் பத்திரம் என்று மிரட்டியவனின் மகள் வேறு யாரை நம்புவாள்?

என் மனைவி நீட்டியிருந்த காலைக் கொஞ்சம் ஒதுக்கினாள். நடுப்பலகையில், அவள் கால் மறைத்திருந்த இடத்தில், வட்டமாக ஒரு கறுப்புத் தழும்பு இருந்தது. கார் வந்து இறங்கிய அன்றே அதைப் பார்த்தேன். வெந்நீர்க் குண்டானை வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“உங்க அப்பா உங்களைக் கூப்பிட விருதுநகருக்கு வந்தாக பாரு, அன்னைக்கிக் காலையில சட்டி நெறையக் கங்கை அள்ளி இந்தப் பலகையிலேயே வச்சேன். நானும் இப்படியே, இதே மாதிரிக் காலை நீட்டி உக்காந்துக்கிட்டேன். கங்கு அம்புட்டும் சாம்பலாகுற மட்டும் எந்திரிக்கல. இந்தா, சட்டி சுட்ட தடம்தான் இருக்கு. பலகைக்கு வேற ஒண்ணும் ஆகல. எனக்கும் ஒண்ணும் ஆகல.” கையை மறுபடி நீட்டினாள். “பிள்ளையைக் குடு. தண்ணி ஆறுது.”

மகள் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் பிள்ளையை அவள் அம்மாவின் கால்மேல் கிடத்தினாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நான் காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போன அந்த நேரத்தில், யாரும் இல்லாத வீட்டில், எழுந்து ஓட முடியாத காலோடு அவள் நெருப்பை மடியருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். திரும்பி வந்த என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் அன்றைக்கு வாயைத் திறந்திருக்காவிட்டால் என்றைக்கும் சொல்லியிருக்க மாட்டாள். இந்த ஒருத்தி என் வீட்டில் இருப்பதற்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் நன்றி என்று சொன்னால், காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் செம்புத் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை வீடே அதிர அழுதது. “கோபத்தைப் பாரு, அப்படியே அவுக தாத்தா” என்றாள் என் மனைவி. மகளுக்குப் பிள்ளையின் அந்த அழுகைச் சத்தத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

“மரமாட்டம் நிக்கீகளே, துண்டை எடுத்துட்டு வாங்க” என்றாள் என் மனைவி என்னிடம்.

துண்டு கொடியிலேயே கிடந்தது. நான் அதை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு உள்ளறையில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அது நனைந்துவிட்டதால் பெட்டியைத் திறந்து வேறு துண்டு எடுத்துக்கொண்டு போனேன்.